தொப்பி

டிவில கோனி ஸ்மித் (கன்ட்ரிங்கிற அமெரிக்க கிராமத்து இசைப் பாடகி) பாட ஆரம்பிச்சதும் பெரியவர் தொப்பிய கழட்டி மடில வச்சுட்டார்.

டிவி முன்னாடி தொப்பிய கழட்டுற மனுஷன இன்னிக்குத்தான் பாக்குறேன்.

அமெரிக்காவுல நாஷ்வில்ல எங்க பக்கத்து வீடு, 80 தாண்டினவர், பழைய மார்ட்டி ஸ்டூவர்ட் ஷோன்னு ஒரு கன்ட்ரி பாட்டு நிகழ்ச்சி ஓடுது, ஆர்எஃப்டி டிவில 2008லேருந்து 2014 வரைக்கும் வந்தது, ஜிகினா கோட்டு, பேஞ்சோ, நடுவுல ஒரு பக்திப் பாட்டு, எல்லாம் அந்தக்கால போர்ட்டர் வேகனர் ஷோ ஸ்டைல்தான்.

பாட்டு முடியுற வரைக்கும் வாயே தொறக்கல. பெடல் ஸ்டீல் கிட்டார் அப்படியே வழுக்கிட்டு போகும் பாருங்க (நம்ம கமகம் மாதிரி இருக்கும்), அப்ப மட்டும் பூட்ஸ் நுனி லேசா ஆடுச்சு.

அப்புறம் ஆரம்பிச்சார் புலம்பல. இப்ப ரேடியோல வர்றதெல்லாம் கன்ட்ரியே இல்லியாம், ஃபிடில் எங்க போச்சுன்னு என்னப் பாத்து கேக்குறார், நான் என்னத்த சொல்ல.

இந்தக் கோவம் பழசு. நல்லா ஓடிட்டிருந்த ஹீ ஹாங்கிற கன்ட்ரி பாட்டு, காமெடி ஷோவ 1971ல சிபிஎஸ் டிவி தூக்கிடுச்சு. லோக்கல் ஸ்டேஷன்கள் வாங்கிப் போட்டு அது இன்னும் 20 வருஷம் ஓடுச்சு. பட்டணத்துக்காரன் வேணாம்னத விடாம உக்காந்து பாத்தது இவர மாதிரி ஆளுங்கதானே.

விளம்பரம் வந்துச்சு. தொப்பி மறுபடி தலைக்குப் போயிடுச்சு.