பீருக்குத் தடை, லில்லில் புகை

2016 யூரோ கால்பந்தில் மது விஷயத்தை பிரான்ஸ் கையாண்ட விதம் எனக்கு இன்னும் எரிச்சல்தான். மார்செய்யில் ரஷ்ய, இங்கிலாந்து ரசிகர்கள் மோதி மண்டை உடைந்தது. அடித்த ரஷ்யர்கள் நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் என்று அந்த ஊர் அரசு வழக்கறிஞரே சொன்னார். ஆனால் பழி விழுந்தது பீர் மேல். பதற்றமான இடங்களில் மது விற்பனைக்கும் பொது இடத்தில் குடிப்பதற்கும் தடை போடச் சொன்னது அரசு.

அடுத்து இங்கிலாந்து–வேல்ஸ் ஆட்டம், லான்ஸ் என்கிற சின்ன ஊரில். அங்கே குடிக்க முடியாது என்றால் கூட்டம் எங்கே போகும்? பக்கத்திலிருக்கும் லில்லுக்குத்தான். முந்தைய நாள் அங்கே ரஷ்யாவுக்கு ஆட்டம் வேறு! கடைசியில் லில் தெருக்களில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. வம்பு செய்தவன் யார், சும்மா பாடிக்கொண்டிருந்தவன் யார் என்று பார்த்தா புகை வரும்?

இங்கிலாந்தும் லேசுப்பட்டதல்ல. 1985 சட்டப்படி, பெரிய கால்பந்து ஆட்டங்களில் ஆடுகளம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து குடிக்கக்கூடாது. கிரிக்கெட்டுக்கு அந்தச் சட்டம் கிடையாது. 2021 லார்ட்ஸ் டெஸ்டில் பார்வையாளர் பக்கமிருந்து கே.எல். ராகுலை நோக்கி ஷாம்பெயின் மது பாட்டில்களின் கார்க் மூடிகள் பறந்தன. திருப்பி வெளியே எறியச் சொல்லிக் கோலி சைகை காட்டினார், ஆட்டம் தொடர்ந்தது.