ஆரோ ஃபங்ஷனும் சூப்பரும்
டைப்ஸ்கிரிப்ட் புரோகிராமிங் மொழியில் 'திஸ்' (ஃபங்ஷன் எந்த ஆப்ஜெக்ட்டுக்காக ஓடுகிறது என்று காட்டும் சொல்) கைநழுவக் கூடாதென்று பேஸ் கிளாஸ் முழுக்க ஆரோ ஃபங்ஷனாக ('=>' போட்டு எழுதுவது, 'திஸ்' மாறாது) எழுதியிருந்தேன். நேற்று அதிலிருந்து ஒரு சப்கிளாஸ் (பேஸ் கிளாஸை விரித்து எழுதும் கிளாஸ்) எடுத்து, சூப்பர் (பேஸ் கிளாஸில் உள்ளதைக் கூப்பிடும் சொல்) போட்டுப் பழைய ஃபங்ஷனைக் கூப்பிட்டால் கம்பைலர் எரர்.

ஆரோ ஃபங்ஷன் இங்கே மெத்தடே அல்ல, ப்ராப்பர்ட்டி. புரோட்டோடைப்பில் (ஒரு கிளாஸின் ஆப்ஜெக்ட்டுகள் எல்லாம் பகிரும் பொது இடம்) உட்காராது, 1000 ஆப்ஜெக்ட் என்றால் 1000 ஃபங்ஷன் தனித்தனியாக உருவாகும். சூப்பர் தேடுவதோ புரோட்டோடைப்பில்.

சரி, இதையாவது கம்பைலர் பிடித்துவிடுகிறது. பேஸ் கன்ஸ்ட்ரக்டருக்குள் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டால், சப்கிளாஸில் மாற்றி எழுதியது ஓடாது, பழையதுதான் ஓடும். எரரும் வராது! சப்கிளாஸ் ப்ராப்பர்ட்டிகள் பேஸ் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதானே நிரம்புகின்றன. என் அரை நாள் போனது இதில்தான்.

இப்போது எல்லாம் சாதாரண மெத்தட். பட்டன் கிளிக்குக்குக் கொடுக்கும் இடத்தில் மட்டும் ஆரோ.