புரட்டாசியில் ஆட்டுப்பட்டிக்குப் போனேன்

புரட்டாசியில் கறி பற்றி எழுதப் போகிறேன் என்றதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் கோவைத் தெருவில் இந்த ஒரு மாதம் மீன் வண்டிகூட நிற்காது. ஆனால் வரச் சொன்னவரே இந்த மாதத்தைத்தான் குறித்துக் கொடுத்திருந்தார். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே செம்மறி வளர்த்து, கறியை நேராக வீடுகளுக்கு விற்கிறவர் அவர். "மற்ற மாதங்களில் வந்தால் நின்று பேச நேரம் இருக்காது. புரட்டாசியில் ஆடும் நிம்மதியாக இருக்கும், நானும் நிம்மதியாக இருப்பேன்" என்று போனில் சொல்லியிருந்தார்.

சிங்காநல்லூரில் காங்கேயம் பஸ் கிடைத்தது. பல்லடத்தைத் தாண்டியதும் தோட்டத்துக்குத் தோட்டம் நீளநீளமான கோழிக் கொட்டகைகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் ஒரு பண்ணைக்காரர்தான். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. கொட்டகையும் கரண்டும் உழைப்பும் இவருடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. நாற்பது நாளில் கோழி இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். "நாட்டுக்கோழி வளர்க்கலாமே?" என்று கேட்டுவைத்தேன். "அது தேற ஐந்தாறு மாதம் வேண்டும். கொட்டகைக் கடனுக்குத் தவணை மாதாமாதம் வருகிறதே" என்றார். இருபது நிமிடம் வாயைத் திறக்கவில்லை நான். இறங்கும் முன் அவரே, 2012-இல் ஈமு கோழியை நம்பி இந்தப் பக்கமெல்லாம் பணத்தை விட்ட கதையைச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பறவைகளில் நான்கு அவருடைய மாமனார் தோட்டத்திலும் நின்றனவாம்.

காங்கேயத்தில் கொப்பரை வாசம். அங்கிருந்து ஒரு டவுன் பஸ், பிறகு ஒரு கிலோமீட்டர் நடை.

இந்தப் பக்கத்து மேய்ச்சல் காட்டுக்குக் கொரங்காடு என்று பெயர். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். மேற்கு மலைகளின் மழை மறைவில் கிடக்கும் பூமி. வெள்ளாமையை நம்பினால் வயிறு காயும். கொழுக்கட்டைப்புல் அப்படியில்லை. காய்ந்து சருகாகிக் கிடப்பது ஒரு மழைக்கே துளிர்த்துவிடும். கோடையில் புல் ஓய்ந்தால் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். வேறு ஊர்களில் ஆட்டின் பின்னால் கோலோடு ஓர் ஆள் நடப்பார். இங்கே அப்படி யாரும் இல்லை. படலைச் சாத்திவிட்டால் கிளுவைதான் மேய்ப்பன். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

உள்ளே மேய்ந்தவை மேச்சேரி ஆடுகள். செம்பழுப்பு நிறம், கம்பளி இல்லாமல் குட்டை முடி. சேலம் மாவட்டத்து இனம். பொட்டனேரியில் 1978 முதல் இதற்கென்றே அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோலுக்குப் பேர்போன ஆடு. இப்போது தோல் கேட்டு வருகிற ஆள் குறைந்துவிட்டார் என்றார் ஆடு வளர்க்கும் அண்ணன்.

அவர் வீட்டு அக்கா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே, நகரத்துக்காரன் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "ஊசியே போடாமல் வளர்க்கிறீர்களா?" அண்ணன் பதில் சொல்லாமல் உள்ளே போய், பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்ட தேதிகள், குடற்புழு மருந்து கொடுத்த தேதிகள். "ஊசி போடாமல் ஆட்டைச் சாகவிடுவதா இயற்கை, கண்ணு?" என்றார். தடுப்பூசியை அங்கக விதிகளும், அதாவது இயற்கை வேளாண்மைக்கான விதிகளும், தடுப்பதில்லை. ஆடு சளியில் படுத்தால் மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, காதில் ஒரு துணியைக் கட்டிவிடுகிறார். மருந்துக்கு வேறு கெடு குறிக்கப்படாவிட்டால் கறிக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். துணி அவிழும்வரை அந்த ஆடு விற்பனைக்கு இல்லை. வலி மருந்தில் டைக்ளோஃபினாக் பக்கம் போகவே மாட்டாராம். கால்நடைக்கு அதை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்றுதான் பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாக அழிந்தன. மிஞ்சியவற்றில் சில, பவானிசாகருக்குப் பின்னால் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் வட்டமிடுகின்றன.

அங்ககச் சான்று வாங்கவில்லை. சான்றளிப்புத் துறையின் அலுவலகம் கோவையிலேயே இருக்கிறது, தூரம் ஒரு சாக்கல்ல. "வாங்குகிறவர்கள் படலைத் திறந்து பார்க்கட்டும்" என்கிறார். இதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. இருபது வீட்டுக்கு இந்த நம்பிக்கை போதும். இருநூறு வீடானால் அத்தனை பேரும் டவுன் பஸ் ஏறி வரமாட்டார்கள்.

அவருடைய உண்மையான தலைவலி வேறு. வளர்ப்பதில் இல்லை, விற்பதில் இருக்கிறது. ஆரம்பத்தில் போன் செய்த நகரத்து வீடுகள் எல்லாமே தொடைக்கறியைத்தான் கேட்டனவாம், அதுவும் எலும்பில்லாமல். உயிரெடை இருபது கிலோ ஆட்டில் கறி ஒன்பது, பத்து கிலோதான் தேறும். அதில் தொடை எவ்வளவு இருந்துவிடும்? மற்றதை என்ன செய்வது? மூன்று மாதம் நட்டப்பட்ட பிறகு அவருடைய அப்பா காலத்து வழக்கத்துக்குத் திரும்பினார்: கூறு. ஆட்டுக்கு எட்டுக் கூறு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் நெஞ்செலும்பு, ஈரல் துண்டு, கொழுப்பு, குடல். பேர் கொடுத்த எட்டு வீடு சேர்ந்தால்தான் ஆடு அறுபடும். ஏழு வீடென்றால் ஆடு அடுத்த வாரம்வரை மேயும். பொறுக்கி எடுக்க முடியாது, தூக்குப்போசி அவரவர் கொண்டுவர வேண்டும். தொடை மட்டும் கேட்கிறவரிடம், "தொடை மட்டும் உள்ள ஆடு இன்னும் பிறக்கவில்லைங்க" என்று போனை வைத்துவிடுவாராம்.

அறுப்பதிலும் ஒழுங்கு உண்டு. முந்தின இரவு தீனி இல்லை, தண்ணீர் உண்டு. மற்ற ஆடுகளின் கண்ணுக்கு மறைவாக, ஓட்டாமல் விரட்டாமல். இதில் பாவ புண்ணியத்தோடு ருசியும் சேர்ந்திருக்கிறது. மிரண்டு அலைக்கழிந்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோய், கறி கருத்து விறைப்பாகிவிடும்.

மாலையில் வேலியோரம் நடந்தபோது ஓர் இடத்தில் கிளுவைக்கு மேல் கம்பி வலை கட்டியிருந்தது. நாய்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறுவதும், விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து இழப்பீடு கேட்டதும் செய்தித்தாளில் படித்ததுதான். இவர் ஒரே இரவில் பதினொன்றை இழந்திருக்கிறார். ஆள் இல்லாமல் மேயவிடலாம் என்பதுதான் கொரங்காட்டின் பெருமை. இப்போது அவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பட்டிக்குள் படுக்கிறார். அந்த ராத்திரிக் காவலுக்குக் கிலோ விலையில் இடமே இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் என் பேரிலும் ஒரு கூறு விழுந்தது. போசியோடு போய் வாங்கி வந்தேன். அம்மா மூடியைத் திறந்து, ஈரலை விரலால் அழுத்திப் பார்த்து, குடலை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"கழுவச் சுண்ணாம்பு வாங்கி வந்தாயா?" என்றாள்.