சிஸ்டம் மூடியாச்சு

"சிஸ்டம் மூடியாச்சும்மா, நாளைக்கு வாங்க" என்றேன். மூடவில்லை. திரை என் முன்னால் எரிந்துகொண்டுதான் இருந்தது.

2012 ஏப்ரல் 11, மூன்று மணி இருக்கும். சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் 2.08-க்கு நில நடுக்கம், 8.6. பாம்பனில் எனக்கு எந்த ஆட்டமும் தெரியவில்லை. சென்னையில் ஆபீஸை விட்டு எல்லாரும் ரோட்டில் நிற்பதாகத் தங்கை போனில் சொன்னாள். அதற்குள் டிவியில் சுனாமி எச்சரிக்கை. எதிர் டீக்கடையில் கொதித்த பாலை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஷட்டரை இழுத்தார்கள். தீவுக்காரர்களுக்கு ஓடவும் வழி ஒன்றுதான். கடலுக்குப் பயந்து, கடல் மேலேயே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாலத்தில் போக வேண்டும்.

அந்த அம்மா மஞ்சள் பையோடு கவுண்டருக்கு வந்தார். உள்ளே நகைக்கடன் சீட்டும் ரூபாயும். "அசல், வட்டி எல்லாம் இருக்கு தம்பி. எடுத்துக் குடுத்துரு. அறுபத்துநாலு புயல்ல எங்க ஆத்தா கழுத்துல கெடந்ததோடதான் தனுஷ்கோடியிலேருந்து வந்துச்சு. அத வித்துத்தான் எங்களுக்குக் கஞ்சி."

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

என் பக்க நியாயமும் உண்டு. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, ஒன்று என்னிடம், ஒன்று மேனேஜரிடம். அவர் "கிளம்புங்க, கிளம்புங்க" என்று விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார். வட்டி போட்டு, பொட்டலத்தைத் தேடிப் பிரித்து, எடை பார்த்துக் கொடுக்க அரைமணியாவது ஆகும். அதற்குள் அலை வந்திருந்தால் நாலு பேர் உயிருக்கு யார் பொறுப்பு? இதை எத்தனையோ தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மேனேஜரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பார் என்பதும் என் கணிப்புதான். ஒருவேளை சாவியை எடுத்திருப்பார்.

பொய் சொல்லாமல், "பயமா இருக்கும்மா, நானும் போறேன், நீங்களும் வாங்க" என்றிருக்கலாம். பைக்கில் பின்சீட் காலி. நாளைக்கு வரச் சொன்னேனே தவிர, அன்றைக்கு எங்கே போவார் என்று நினைக்கவில்லை.

மண்டபம் தாண்டி, உச்சிப்புளியில் நின்றிருந்தபோது இன்னொரு நடுக்கம் என்றார்கள், 8.2. சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். 2004-ல் கடல்தரை மேலெழும்பித் தண்ணீரைத் தூக்கியது. இந்த முறை பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை என்று பிறகு படித்தேன். அப்படியானால் அந்த அம்மாவுக்கு என்னால் ஆபத்து எதுவும் வரவில்லை என்று கொஞ்ச நாள் நிம்மதியாகக்கூட இருந்தேன். ஆனால் மூன்று மணிக்கு அது எனக்குத் தெரியாதே. அலை வரும் என்று நம்பித்தானே ஓடினேன்?

மறுநாள் கதவைத் திறக்கும்போதே அவர் நின்றார். "நேத்து எங்கம்மா போனீங்க?" என்றேன்.

"எங்க போறது? இந்தப் படியிலதான் இருந்தேன். இருட்டினதுக்கப்புறம் ஒண்ணும் இல்லன்னாக. வீட்டுக்குப் போனேன்."

"ஏம்மா, எல்லாரும் போனாங்களே!"

"நக உள்ளல்ல இருக்கு தம்பி."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு விதிகளைச் சொல்லியிருப்பேன். சிஸ்டம் திறந்துதான் இருந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. பொட்டலத்தைப் பிரித்தேன். சங்கிலியை எடை போட்டுக் காட்டினேன். இடது பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார்.

கணினி ஒரு நாள் வட்டியைச் சேர்த்துக் காட்டியது. தொகையைச் சொன்னேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். வாங்கிக் கல்லாவில் போட்டேன்.