டேமியனின் கரடிப்பொம்மை

நவம்பர் 9

லண்டனில் இருந்து வந்த மச்சான் ஒரு டிவிடி பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். "உங்கட ஒஃபிஸ் கதைதான், பார்." 'ட்ரொப் த டெட் டொங்கி'. 1990 முதல் 1998 வரை பிரித்தானியாவின் சனல் 4 இல் வந்த நகைச்சுவைத் தொடர். குளோப்லிங்க் என்ற செய்தி நிறுவனத்தை ஒரு பெரும் பணக்காரர் வாங்குகிறார். அவருடைய ஆளாக கஸ் ஹெட்ஜஸ் வந்து இறங்குகிறார்.

பத்திரிகையின் இரவுப் பக்கம் முடித்து வீடு வர ஒரு மணி. சும்மா ஒரு பகுதி பார்ப்போம் என்று போட்டேன். தான் அங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டே கஸ் செய்தியறைக்குள் வருகிறார், பிறகு எல்லாவற்றிலும் கை வைக்கிறார். நான் சிரித்த சத்தத்தில் மனுசி எழும்பிவிட்டா.

நவம்பர் 11

நாட்டு நடப்புப் பகிடிகள் பழசாகிவிடக் கூடாதென்று ஒளிபரப்புக்கு மிக நெருங்கித்தான் பதிவு செய்வார்களாம். அதனால் இன்றைக்குப் பாதி விளங்கவில்லை. அந்தக் கிழமை என்ன நடந்தது என்று டிவிடியில் முதலில் எழுதிக் காட்டுகிறார்கள். பகிடிக்கு உரை!

முதல் பகுதி 1990 ஓகஸ்ட் 9. ஈராக் குவைத்துக்குள் புகுந்து ஒரு கிழமை. இங்கே யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை, கரண்ட் இல்லை. நான் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்ற, அப்பா ரேடியோவில் காதை வைத்து பிபிசி தமிழோசை கேட்பார். குவைத் என்றால் "ஆறுதலாச் சுத்து" என்பார். யாழ்ப்பாணம் என்ற சொல் வந்தால் "இறுக்கடா". என் கை ஓய்ந்தால் உலகச் செய்தி நின்றுவிடும்.

நவம்பர் 14

அலுவலகத்தில் கதை பரவிவிட்டது. "அண்ணை, எங்கட செய்தியறையையும் இப்பிடி எடுக்கேலாதோ?" என்று புதிதாய்ச் சேர்ந்த தம்பி கேட்டான். எடுக்கலாம். கடதாசி வராத காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அடித்த ஊர் இது, அதில் பகிடிக்கு என்ன குறை? ஆனால் 2006 மே 2 வந்ததும் எழுதுகிறவன் கை நின்றுவிடும். உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து இருவரைச் சுட்டுக் கொன்ற நாள் அது. அடுத்த நாள் உலக ஊடக சுதந்திர தினம். குளோப்லிங்க் ஆசிரியர் ஜோர்ஜ் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர். இங்கே அப்படிப் பயந்தவர்களைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு பிளேன்ரீ வாங்கப் போனான்.

நவம்பர் 18

டேமியன் டே என்றொரு நிருபர் வருகிறார். அழிவு நடந்த இடத்துக்கெல்லாம் ஒரு கரடிப்பொம்மையைக் கொண்டுபோய், இடிபாட்டுக்குள் வைத்துப் படம் எடுப்பார். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு உருகும். நான் மச்சானுக்கு போன் எடுத்துச் சிரிக்கலாம் என்று இருந்தேன். எடுக்கவில்லை.

பல வருசத்துக்கு முதல், வேறொரு பத்திரிகையில் இருந்தபோது, வெள்ளம் பார்க்கப் போனேன். ஒரு வீட்டு வாசலில் சின்னப்பிள்ளையின் செருப்பு ஒன்று மிதந்தது. படத்துக்குள் விழவில்லை. காலால் தள்ளிவிட்டேன், ஒரு முழம் இருக்கும். படம் முதல் பக்கத்தில் வந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். பொம்மை டேமியனுடையது, செருப்பு அந்த வீட்டினுடையதுதானே என்று இன்றைக்கு எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன்.

நவம்பர் 23

மூன்று நாளாய் விடாத மழை. படப்பிடிப்பாளர் தம்பி முழங்கால் வரை சேற்றோடு வந்தான். முற்றமெல்லாம் வெள்ளம், நடுவில் கதிரை, கதிரையில் ஒரு பள்ளிக்கூடப் பை. அருமையான படம்.

"பை அங்க கிடந்ததோ, நீ வைச்சதோ?"

தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "வெள்ளம் அண்ணை. எல்லாச் சாமானும் இடம் மாறித்தான் கிடக்கு."

மூன்று பத்தி அகலத்தில் போட்டோம்.