யெலோநைஃபுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு: முதலில் பெயர், பிறகு வீடு, கடைசியில்தான் குளிர்ச்சட்டை

திருகோணமலையில் மார்கழி மழைக்குக்கூட நாங்கள் சட்டைக்கு மேல் சட்டை போடுவதில்லை. அதனால் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் வேலை கிடைத்ததும் வீட்டில் எல்லோருடைய யோசனையும் குளிர்ச்சட்டையிலேயே போய் நிற்கும். அவற்றின் தலைநகரான யெலோநைஃபில் தை மாதத்தில் மைனஸ் 25, மைனஸ் 30 பாகை சாதாரணம். மைனஸ் 40உம் வரும். ஆனாலும் குடும்பத்தை அலைக்கழிப்பது சட்டை இல்லை. ஊரில் இருக்கும்போதே கடதாசிகளில் பெயரையும் அங்கே வீட்டையும் ஒழுங்குபண்ணிவிட்டால் மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

எங்கள் பெயர் முறை அங்குள்ள படிவங்களில் அடங்காது. கணவனுக்கு அவருடைய தகப்பன் பெயர், மனைவிக்கு அவருடைய தகப்பன் பெயர், பிள்ளைகளுக்குக் கணவன் பெயர் என்று நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று குடும்பப் பெயர் வரும். அது பிழையில்லை. விவாகச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழ்களும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதியோடு கையில் இருந்தால் போதும். மொழிபெயர்ப்பில்தான் சிக்கல் வருகிறது. தமிழில் உள்ள பெயரை அவர் தனக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதிவிடுவார். கடவுச்சீட்டில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். சான்றிதழோடு கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். யுத்தத்திலோ 2004 சுனாமியிலோ மூலப்பிரதி தொலைந்திருந்தால், வேறு வேலை தொடங்குமுன் பிறப்பைப் பதிந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அங்கே போன பிறகும் இவை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். 2023 ஆகஸ்டில் காட்டுத்தீயால் யெலோநைஃப் நகரம் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள்.

வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி பெறும் அனுமதியான தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீட்டுக்கான (LMIA) 1,000 டொலர் கட்டணம் முதலாளி கட்ட வேண்டியது. தொழிலாளியிடம் அதை வாங்கச் சட்டம் இடம் தராது. இங்கே முகவர் யாராவது அந்தக் காசைக் கேட்டால் அந்த ஆளை விட்டு விலகுங்கள். எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் திறந்த வேலை அனுமதி, 2025 ஜனவரியிலிருந்து பட்டியலில் உள்ள தொழில்களைச் செய்வோரின் கணவனுக்கோ மனைவிக்கோ மட்டும்தான் கிடைக்கிறது. உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டு வரவு செலவைப் போடுங்கள். வேலை அனுமதியும் கடவுச்சீட்டு முடியும் நாளைத் தாண்டாது. மருத்துவப் பரிசோதனைக்கும் கைரேகைக்கும் கொழும்பில் அடுத்தடுத்த நாட்களை எடுத்தால் இரவு பஸ்ஸில் ஒரே பயணத்தில் முடியும். கைரேகை 14 வயதிலிருந்து. நெஞ்சு எக்ஸ்ரே 11 வயதிலிருந்து. பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்தை மறக்க வேண்டாம். இலங்கையில் சின்னமுத்து முதலியவற்றுக்கான எம்எம்ஆர் முதல் ஊசி 9 மாதத்தில் போடுகிறார்கள். கனடாவில் முதலாம் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதைத்தான் கணக்கெடுப்பார்கள். இன்னோர் ஊசி கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

இனி வீடு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: சூடாக்கும் செலவு வாடகைக்குள் அடக்கமா? வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தாங்கி இருந்தால் அதை நிரப்புவது யார், மட்டம் பார்ப்பது யார்? தண்ணீர் குழாயிலா, பவுசர் லொறியிலா? அந்நகரில் பழைய நகரம், காம் லேக் போன்ற பகுதிகளில் பல வீடுகளுக்குத் தண்ணீர் பவுசரில்தான் வருகிறது. ஊரில் கிணறு வற்றினால் வாளியோடு அயல் வீட்டுக்குப் போவோம். அங்கே தண்ணீர்த் தாங்கி வெறுமையானால் அடுத்த பவுசர் வரும்வரை மலசலகூடத்துக்கும் தண்ணீர் இல்லை. எண்ணெய் முடிவது அதைவிட மோசம். மைனஸ் 35இல் வீட்டின் சூடு நின்றால் சில மணி நேரத்தில் சுவருக்குள் இருக்கும் குழாய் உறைந்துவிடும். தண்ணீர் உறையும்போது விரிவதால் குழாய் வெடிக்கும். அப்போது ஒன்றும் தெரியாது. சூடு திரும்பி ஐஸ் உருகும்போதுதான் சுவரிலிருந்து தண்ணீர் கொட்டும். எண்ணெய்த் தாங்கி கால்வாசிக்கு இறங்க விடாதீர்கள்.

எங்கள் சமையலுக்குக் குசினி விசிறி முக்கியம். விசிறியைப் போட்டுவிட்டு வெளியே போய், புகை போகும் வாயில் கை வைத்துப் பாருங்கள். சில விசிறிகள் வடிகட்டிவிட்டுக் காற்றை உள்ளேயே திருப்பி விடும். அப்படியானால் மீன் பொரித்த மணம் மாரி முழுவதும் குளிர்ச்சட்டையில் இருக்கும். அந்தச் சட்டைகளைக் குசினிக்குத் தள்ளிக் கதவுள்ள அலுமாரியில் மாட்டுங்கள். மிக்சியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இங்கே 230 வோல்ற், அங்கே 120, மோட்டர் இழுக்காது. வீட்டுக் காற்று வரண்டு பிள்ளைகளுக்கு மூக்கால் இரத்தம் வரும். ஈரப்பதமூட்டி உதவும்; ஆனால் கடுங்குளிரில் 30 சதவீதத்துக்கு மேல் போனால் யன்னல் கண்ணாடியில் நீர் பிடித்து உறைந்து, பிறகு பூஞ்சணம் பிடிக்கும்.

குளிர் உடுப்புகளை அங்கேயே வாங்குங்கள். உடம்போடு ஒட்டும் உடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். சப்பாத்து தடித்த மேசுக்கு இடம் விட்டு ஓரளவு பெரிதாக, உள்ளுறை கழற்றக் கூடியதாக இருக்கட்டும். அந்த உறையை ஒவ்வோர் இரவும் கழற்றிக் காய வைக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் தோட்டை வெளியே போகுமுன் கழற்றுங்கள், அல்லது காதை முழுவதும் மூடுங்கள். உலோகம் குளிரைக் காதுச் சோணைக்குக் கடத்தும். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 40ஐத் தாண்டினால் மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்துக்குள் உறையலாம். வெள்ளையாகும் என்று புத்தகங்களில் இருக்கும். எங்கள் நிறத்தில் அது சாம்பல் பூத்து மெழுகு போலத் தெரியும். தேய்க்கவே கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள்.

போவதற்கு நல்ல காலம் ஆடி, ஆவணி. பள்ளிக்கூடம் தொடங்குமுன் போய்ச் சேர்ந்து, உடம்பு மெல்ல மெல்லப் பழகும். டிசம்பர் பிற்பகுதியில் பகல் வெளிச்சம் சுமார் 5 மணி நேரம்தான். விற்றமின் டி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். வரி கட்டும்போது ரி2222 படிவத்தை விடாதீர்கள். தொடர்ந்து 6 மாதம் அங்கே இருந்தால் வடபகுதி வசிப்போர் வரிக்கழிவு கிடைக்கும்.

காரின் முன்பக்கத்தில் ஒரு பிளக் தொங்கும். அது எஞ்சினைச் சூடாக்க. மைனஸ் 20க்குக் கீழே போனால் புறப்பட மூன்று, நான்கு மணி நேரம் முன்பே மின்சாரத்தில் மாட்டுங்கள். வீடு பார்க்கும்போதே கார் நிறுத்துமிடத்தில் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் அவசரத்தில் வயரைக் கழற்றாமல் காரை எடுத்தால் வயர் அறுந்துபோகும்; அதனால் கழற்றிய வயரைச் சுருட்டி வைத்த பிறகே திறப்பைப் போடுங்கள்.