திருகோணமலையிலிருந்து பேராதனைக்கு: இறந்த நாயின் உடலைப் படிப்புக்குக் கொடுப்பது

"இயற்கை மரணம்" என்று மட்டும் எழுதிய கடிதம் எதற்கும் உதவாது. கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் இதை முதலில் சொல்கிறேன். மிருக வைத்தியரின் கடிதத்தில் இறப்புக்கான காரணம், கடைசியாக விசர்நாய்த் தடுப்பூசி போட்ட திகதி, கடைசி நாட்களில் யாரையும் கடித்ததா, என்ன மருந்து ஏற்றப்பட்டது என்ற நான்கும் இருக்க வேண்டும். இங்கே ஒரு கிளினிக்கில் இவை எதுவும் இல்லாமல் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் நாயின் உடல் ஐஸில் கிடக்க, திருத்திய கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்னொரு கந்தோரில், "அப்படியொன்றும் இல்லை, புதைச்சுவிடுங்கோ" என்றார் கிளார்க். அவரோடு வாதாட வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தை நேரே தொலைபேசியில் கேளுங்கள், அதுவும் நாய் உயிரோடு இருக்கும்போதே. எல்லா நேரமும் உடல் தேவைப்படாது. வெள்ளி இரவு இறந்து, திங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை) என்றால் வாங்கி வைக்க ஆள் இருக்காது.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: குளிரவைப்பதா, உறையவைப்பதா? உடற்கூற்றியலுக்கு முழு உடலாகப் பதப்படுத்துவதென்றால் கழுத்துத் தமனி வழியாக ஃபோர்மலின் கலவையை ஏற்றுவார்கள். அழுகத் தொடங்கிய உடலில் குழாய்கள் கசிந்து, மருந்து எல்லா இடமும் போய்ச் சேராது. உறையவைத்தால் ஐஸ் படிகங்கள் கலங்களைக் கிழித்துவிடும், நுண்ணோக்கிப் படிப்புக்கு அந்த இழையம் ஆகாது. சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு உறையவைத்த உடலும் போதும். காரணம் அறிய இங்கேயே வெட்டிப் பார்த்த உடலை முழுதாகப் பதப்படுத்துவது கடினம். அதனால் பிரேத பரிசோதனையா, படிப்புக்கா என்று முன்கூட்டியே முடிவெடுங்கள்.

நம்மூர் வெயிலில் வயிறுதான் முதலில் ஊதும். இறந்த சில மணிக்குள் விறைப்பு வரும், அதற்கு முன்பே கால்களை மடக்கிப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், பிறகு பெட்டிக்குள் திணிக்க முடியாது. குளிப்பாட்ட வேண்டாம். கழுத்துப் பட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள், உடல் திரும்பி வராது. தடித்த பொலித்தீன் பை இரண்டு, வெளியே மீன்காரர் பாவிக்கும் ரெஜிபோம் பெட்டி. ஐஸைத் தனிப் பைகளில் கட்டி வயிறு, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். 20 கிலோ நாய்க்கு 20 கிலோ ஐஸ் போடுங்கள். உடலைக் குளிரவைக்கவே ஏழு, எட்டு கிலோ உருகிவிடும், மிச்சம் வழிக்கு. மயிர் வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைப்பதால் முதுகில் மட்டும் ஐஸ் கொட்டிப் பயனில்லை. கையுறை கட்டாயம், எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீரில் இருக்கலாம்.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி: வழி சுகம்தான். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், வான் பிடியுங்கள், ஓட்டுநரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கருணைக்கொலை ஊசி போட்டிருந்தால் மருந்தின் பெயரைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அந்த ஊசிக்குப் பாவிக்கும் பென்டோபார்பிட்டோன் இறந்த உடலிலும் நஞ்சாகத் தங்கும், தின்னும் மிருகத்தைக் கொல்லும்.

சுபாவம் மாறி, எச்சில் ஒழுகி, தாடை தொங்கி இறந்த நாயென்றாலோ, இறப்புக்கு முந்திய பத்து நாளுக்குள் யாரையும் கடித்திருந்தாலோ, அது விசர்நோயாக இருக்கலாம், தானம் என்ற பேச்சையே விடுங்கள். தொடாதீர்கள். அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள், தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப அவர் ஒழுங்கு செய்வார். கடிபட்டவர் முடிவு வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கள் கடிதம் திருத்தப்பட்டு வந்த பிறகு, ஒப்படைப்பதில் சிக்கலே இருக்கவில்லை. அடையாள அட்டைப் பிரதி, உரிமையாளர் சம்மதக் கையெழுத்து, அவ்வளவுதான். நல்ல நிலையில் வந்திருக்கிறது என்று சொன்னார்கள், நெஞ்சு நிறைந்துவிட்டது.

பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கழுவினாலும் அதை மீன்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.